ஒவ்வோர் இரவும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்; விடைகள் மட்டும் மாறுவதில்லை

அந்திக்குறிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உறங்கச் செல்லும் முன் குறிப்பேட்டை எடுத்து, என்னையே சில கேள்விகள் கேட்டு, விடைகளை எழுதிவைக்கும் பழக்கத்தைச் சில மாதங்களாகக் கடைப்பிடித்து வருகிறேன். ‘இன்று நான் எப்படி நடந்துகொண்டேன்?’, ‘ஏன் இப்படி எரிந்து விழுகிறேன்?’, ‘உண்மையில் எத்தகைய வாழ்க்கையை விரும்புகிறேன்?’, ‘நாளை எவ்வாறு இதைவிடச் சிறந்தவனாக இருப்பேன்?’ என்பவை அக்கேள்விகள். தொடக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். மனப்பாரம் குறைந்தது போலவும் இருந்தது. இப்போது பழைய பக்கங்களைப் புரட்டினால், தேதியை மறைத்துவிட்டு எது எந்த நாளுக்குரியது என்று கேட்டால் என்னாலேயே சொல்ல முடியாது. ‘அலுவலகத்தில் வேலை அதிகம். சோர்வு. மகளிடம் குரலை உயர்த்திவிட்டேன். நாளை முதல் பொறுமை காக்க வேண்டும்.’ மறுநாளும் ஏறக்குறைய இதே வரிகள்தாம்.

நான் மாற்றிக்கொள்ள விரும்புவது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்காரும்போது, அவள் அதே இடத்தில் மீண்டும் தவறினால், என் குரல் உயர்ந்துவிடுகிறது. அவள் அதன்பின் வாயைத் திறப்பதே இல்லை. இதை விட வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அப்படியிருந்தும் குறிப்பேடு அதன் போக்கில் நிறைகிறது, நான் என் போக்கில் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கேள்விகளின் தொகுப்பு எனக்கு வேண்டாம்; அவை எங்கும் கிடைக்கின்றன. ஒரு கேள்வி மனிதனை நகர்த்துவதற்கும், இன்னொன்று வெறும் புலம்பலாக முடிவதற்கும் என்ன காரணம் என்பதை, இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

---

செவிமடுப்பவர் எழுதியது:

நண்பருக்கு வணக்கம். மனநல ஆலோசனைப் பணியில் இருப்பவன் என்ற முறையில், உங்கள் கேள்விகளைப் பற்றி மட்டும் முதலில் பேசுகிறேன். உங்கள் மன உறுதியைப் பற்றிப் பேச இங்கு அவசியம் எழவில்லை என்றே நினைக்கிறேன்.

நீங்கள் எழுதியுள்ள நான்கில் ‘ஏன் இப்படி எரிந்து விழுகிறேன்?’ என்பதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். இலக்கணப்படி அது வினாதான். ஆனால் அதற்குள் தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது: நான் எரிந்து விழுபவன். எஞ்சியிருப்பது காரணம் தேடுவது மட்டுமே. சோர்ந்த மனம் காரணம் தேடப் புகுந்தால் முதலில் கைக்கு எட்டுவதை எடுத்துக்கொள்ளும். அலுவலக வேலை அப்படிக் கிடைத்த காரணம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாளைக்கும் அலுவலகம் இருக்கும் என்பதால், அந்த விடையை வைத்துக்கொண்டு நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை என்பதுதான் சிக்கல். சூசன் நோலன்-ஹூக்ஸ்மா என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களிலிருந்து இத்தகைய மருகுதலைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தன் துயரத்தையும் அதன் காரணங்களையும் விளைவுகளையும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு மனச்சோர்வு நீள்வதையும், சிக்கலைத் தீர்க்கும் திறன் மங்குவதையும் அவருடைய ஆய்வுகள் காட்டின. மருகுபவர் தாம் ஆழ்ந்து சிந்திப்பதாகவே நம்புவார் என்பதால், இதை உள்ளிருந்து கண்டுகொள்வது கடினம்.

உங்கள் கடைசிக் கேள்வியும் அழகானதுதான். ஆனால் ‘சிறந்தவன்’ என்பது எப்படி இருக்கும், எத்தனை மணிக்கு இருக்கும், எந்த அறையில் இருக்கும் என்று அதில் எதுவுமே இல்லாததால், ‘பொறுமை காக்க வேண்டும்’ என்ற ஒரு வரியோடு அது திருப்தியடைந்துவிடுகிறது.

இதற்கு மாறாக, உங்கள் கதையிலேயே மிக வளமான ஓரிடம் இருக்கிறது. அதை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மகள் அதே இடத்தில் மீண்டும் தவறுவதற்கும் உங்கள் குரல் உயர்வதற்கும் நடுவில் சில நொடிகள் இருக்கின்றன. அந்த நொடிகளில் என்ன நடந்தது? உங்கள் கை எங்கே இருந்தது? பென்சிலை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டீர்களா? மூச்சு எப்படி இருந்தது? ‘இவ்வளவு நேரம் சொல்லியும்’ என்று மனம் ஏதாவது சொன்னதா? அவள் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்தாளா, தாளைப் பார்த்தாளா? ‘இன்று குரல் உயர்வதற்குச் சற்று முன் என்ன நடந்தது?’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். நாளுக்கு நாள் விடை மாறும், ஏனெனில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல அன்றைய நாளைத்தான் பார்த்தாக வேண்டும், உங்களைப் பற்றிய பழைய கருத்தைப் பார்த்தால் போதாது.

இன்னொரு கேள்வியைச் சொல்கிறேன். இதற்குப் பின்னால் ஒரு சுவையான கணக்கு உண்டு. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் முன்வைத்து, பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவாக்கிய மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற ஆலோசனை முறை, மதுப்பழக்கத்தோடு போராடுபவர்களுக்காகத் தொடங்கியது. அதில் ஆலோசகர், ‘இந்த மாற்றம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம், சுழியம் முதல் பத்து வரை ஓர் எண் சொல்லுங்கள்’ என்று கேட்பார். ஒருவர் ஐந்து என்கிறார் என்று வையுங்கள். ‘ஏன் பத்து இல்லை?’ என்று கேட்டால், தம்மால் ஏன் முடியாது என்பதற்கான வாதங்களை அவர் அடுக்கத் தொடங்குவார். பேசப் பேச அவற்றை அவரே மேலும் நம்புவார். ஆகவே ஆலோசகர் கேட்பது வேறு: ‘ஏன் இரண்டு இல்லை, எதனால் ஐந்து வரை வந்தீர்கள்?’ இப்போது அவர் வாயிலிருந்தே மாற்றத்துக்கு ஆதரவான சொற்கள் வருகின்றன. பிறர் ஆயிரம் சொன்னாலும் ஏறாதது, தன் வாயால் சொன்னபோது ஏறும் என்பது இம்முறையின் அடிப்படை.

இதைத் தனியாகவும் செய்யலாம். மகளோடு பொறுமையாக உட்காரும் திறனுக்கு உங்களுக்கு நீங்களே ஓர் எண் கொடுங்கள். அது மூன்றாகவே இருக்கட்டும். ‘ஏன் ஒன்று இல்லை?’ என்று கேளுங்கள். கத்தாமல் முடிந்த மாலைகள் சில இருந்திருக்கும். உங்கள் குறிப்பேட்டில் அவை பதிவாகியிருக்காது, ஏனென்றால் உங்கள் கேள்விகள் எதுவும் அவற்றைக் கேட்கவே இல்லை.

---

ஐயவாதி எழுதியது:

மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் தன்னைத் தானே கேட்டுக்கொண்டால் உண்மை விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையிலேயே எனக்கு ஐயம் உண்டு. அதை இங்கே சொல்லாமல் விட்டால் பாதிப் படம்தான் தெரியும்.

ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் ஆகிய உளவியலாளர்கள் இருவரும் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரு கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு, வேறுபாடே இல்லை. ஆனாலும் வலக்கோடியில் இருந்ததையே மிகப் பலர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது எவரும், அது இருந்த இடம்தான் காரணம் என்று தாமாகச் சொல்லவில்லை. இடம் ஒரு காரணமாக இருக்குமோ என்று நேராகக் கேட்டபோதும் ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நம் செயலுக்கான காரணத்தை நாம் உள்ளே எட்டிப் பார்த்து அறிவதாக நினைக்கிறோம். பல நேரங்களில், அதே செயலைச் செய்த ஓர் அயலாருக்கு என்ன காரணம் கற்பிப்போமோ அதையே நமக்கும் கற்பித்துக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய முடிவு.

இதனால் நான் தற்சிந்தனையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. காரணத்தைக் கேட்கும் வினாக்களைக் குறைத்து, கண்ணுக்குத் தெரிவதைக் கேட்கும் வினாக்களைக் கூட்டுங்கள் என்கிறேன். எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், அதற்கு முன் இருவரும் ஏதாவது சாப்பிட்டிருந்தோமா, கைபேசி மேசையில் இருந்ததா, எத்தனையாவது கணக்கில் குரல் உயர்ந்தது என்பன போன்றவற்றைச் சில வாரம் குறித்துவந்தால், நீங்கள் ஒருபோதும் ஊகித்திராத ஒழுங்கு ஒன்று தெரியவரலாம். உங்கள் மனம் ‘அலுவலகம்’ என்று சொல்லும். பதிவேடு ‘பசி’ என்று சொல்லக்கூடும்.

மேலும், உங்களைப் பற்றிய சிறந்த சாட்சி உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். ‘அப்பா கத்தப்போகிறார் என்று உனக்கு எப்போது தெரிகிறது?’ என்று மகளைக் கேட்டிருக்கிறீர்களா? குழந்தைகள் இதை நம்மைவிட முன்கூட்டியே அறிந்துவைத்திருப்பார்கள். அவள் அமைதியாக இருக்கும் வேறொரு நேரத்தில், விடை எதுவானாலும் வாதாடுவதில்லை என்ற உறுதியோடு கேளுங்கள். அந்த உறுதி இல்லையென்றால் கேட்காமலிருப்பதே மேல்.

---

பழஞ்சுவடி எழுதியது:

ஐயவாதி அவர்கள் சொன்ன அயலார் பார்வை எனக்கு ஒரு குறளை நினைவூட்டியது. புறங்கூறாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் (190):

ஏதிலார் குற்றம்போல் தங்குற்றம் காண்கிற்பின்
தீதுண்டோ மன்னும் உயிர்க்கு.

அயலாரின் குற்றத்தைக் காண்பது போலத் தன் குற்றத்தையும் காண வல்லவராயின், நிலைபெற்ற உயிருக்குத் தீமை உண்டோ என்கிறார் வள்ளுவர். குற்றத்தைக் கடுமையாகக் காண் என்று அவர் சொல்லவில்லை. எங்கே நின்று காண்பது என்பதைத்தான் சொல்கிறார். அயலாருடைய குற்றத்தைப் பார்க்கும்போது நமக்குச் சூழல் தெரிகிறது, தொடக்கம் தெரிகிறது, அவர் என்ன செய்திருக்கலாம் என்பதும் தெரிகிறது. தன் குற்றம் என்று வரும்போது மனம் வக்கீலாக மாறித் தப்பிக்க வழி தேடுகிறது, இல்லையெனில் நீதிபதியாகித் தண்டித்துவிட்டு எழுந்துபோகிறது. இரண்டிலும் பார்த்தல் என்பது நடப்பதில்லை.

இக்காலத்தில் ஈத்தன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்திருக்கிறார்கள். 2014-இல் வெளியான அவர்களுடைய ஆய்வுகளில், பதற்றம் தரும் சூழலில் ‘நான் ஏன் இப்படி உணர்கிறேன்?’ என்று நினைத்தவர்களைவிட, தம் பெயரைச் சொல்லி, மூன்றாம் மனிதரைக் கேட்பது போலத் தம்மைக் கேட்டுக்கொண்டவர்கள் குறைவான கலக்கத்தோடும், அவமான உணர்வு குறைந்தும் இருந்தார்கள். எனவே ‘ஏன்’ என்ற வினாவை முற்றாக விலக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொதிப்பின் நடுவில் நின்று கேட்டால் அது சுடும். சற்றுத் தள்ளி நின்று கேட்டால் அது பயன் தரும்.

பழைய ரோமாபுரியின் தத்துவ அறிஞர் செனக்காவிடம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சினம் பற்றிய தம் நூலின் மூன்றாம் பகுதியில், செக்ஸ்டியஸ் என்பவர் இரவில் தம் உள்ளத்தைக் கேட்ட கேள்விகளைத் தருகிறார்: இன்று உன்னுடைய எந்த நோயைக் குணப்படுத்தினாய், எந்தக் குற்றத்தை எதிர்த்து நின்றாய், எவ்வகையில் மேம்பட்டாய்? பிறகு செனக்கா, தாம் அதை எப்படிச் செய்கிறார் என்றும் சொல்கிறார். விளக்கு அகற்றப்பட்டு, தம் வழக்கத்தை அறிந்த மனைவி பேச்சை நிறுத்திய பின், அன்றைய நாள் முழுவதையும் ஆராய்கிறார். அந்த வாதத்தில் அளவுக்கு மீறிச் சண்டையிட்டுப் பேசினாய், இன்னாரை வேண்டியதைவிடக் கூடுதலாகக் கண்டித்தாய், அதனால் அவர் திருந்தவில்லை, புண்பட்டார் என்று தம்மிடமே சொல்கிறார். எல்லாம் நடந்த நிகழ்ச்சிகள். ‘நான் கெட்டவன்’ என்ற பொதுத் தீர்ப்பு எங்கும் இல்லை. இனி இதைச் செய்யாதே, இப்போது உன்னை மன்னிக்கிறேன் என்று தமக்கே சொல்லிக்கொள்வதாகவும் எழுதுகிறார். தம்மை ‘நீ’ என்று அழைத்துப் பேசும் இந்தத் தொனியைக் கவனியுங்கள். பின்னால் நம் உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்ததற்கு அது வெகுதூரத்தில் இல்லை.

---

அந்திக்குறிப்பு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஐயவாதி அவர்கள் சொன்னபடி மகளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘நீங்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளும்போது’ என்றாள். எனக்கு இது தெரியவே தெரியாது. செவிமடுப்பவர் அவர்கள் தற்செயலாகத்தான் பென்சிலைக் குறிப்பிட்டாரோ என்னவோ, படித்தபோது நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். ஒன்று, இதைத் தெரிந்துகொண்ட பின் எந்தக் கேள்வியைக் கேட்பது? நடந்ததைப் பார்த்தாயிற்று, அது நாளை மாலை என் கையை எப்படித் தடுக்கும்? மற்றொன்று, இரவில்தான் கேட்க வேண்டுமா? இரவில் நான் நேர்மையாகத்தான் இருக்கிறேன். மாலை ஆறு மணிக்குள் அந்த நேர்மை காணாமல் போய்விடுகிறது.

---

கரையோரம் எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் சுருக்கமாக. அமெரிக்க அரசியல் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் தரும் நாள் திட்டத்தில் காலையில் ஒரு கேள்வியும் இரவில் ஒரு கேள்வியும் இருக்கின்றன: இன்று என்ன நன்மை செய்வேன், இன்று என்ன நன்மை செய்தேன். இரவுக் கேள்வியின் மதிப்பு, காலையில் எதைக் கேட்டோம் என்பதைச் சார்ந்தது. காலையில் எதுவுமே கேட்காதவர் இரவில் தம்மை எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்? இதே மனிதர், தாம் பட்டியலிட்ட பதின்மூன்று பண்புகளில் வாரத்துக்கு ஒன்றில்தான் தனிக் கவனம் செலுத்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே இரவில் முழு வாழ்க்கையையும் விசாரிக்கிறீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இது உங்களுக்கல்ல, இந்த இழையைப் படிக்கும் பிறருக்கு. இரவுக் கேள்விகள் எவரையாவது உறங்கவிடாமல் செய்தால், அல்லது எந்தக் கேள்வியைக் கேட்டாலும் ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற ஒரே விடைதான் நாள்தோறும் வருகிறதென்றால், குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதே முறை. மனச்சோர்வு நோயின் நடுவில் தனியாக உட்கார்ந்து தன்னை விசாரிப்பது நோய்க்குத் தீனி போடுவதாகிவிடும்.

---

செவிமடுப்பவர் எழுதியது:

பென்சில் விஷயம் தற்செயல்தான். எழுதும்போது கண்முன் வந்த ஒரு விவரம், அவ்வளவே. உங்கள் மகள் சொன்னது என் ஊகத்தைவிடப் பன்மடங்கு மதிப்புள்ளது. அவள் சொன்ன கணம் குரல் உயர்வதற்கு முந்தைய கணம் என்பதால், அங்கே நீங்கள் இன்னும் வேறு வழி எடுக்க முடியும்.

இனிக் கேட்க வேண்டிய வினா, ‘என் கை பென்சிலை நோக்கிப் போனால், அப்போது என்ன செய்வேன்?’ என்பதே. பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர், ‘இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்’ என்ற வடிவில் எழுதப்படும் திட்டங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரானும் 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் எண்ணத்தோடு நின்றவர்களைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் குறிக்கோளை அடைவது கணிசமாகக் கூடியிருந்தது. எந்தக் கணத்தில் செயல்பட வேண்டும் என்பதை முன்பே கட்டிவைத்துவிடுவதால், அந்தக் கணம் வரும்போது யோசித்து முடிவெடுக்க வேண்டிய சுமை குறைகிறது. மாலை ஆறு மணிக்கு நேர்மை காணாமல் போவதாகச் சொன்னீர்கள். அந்த நேரத்தில் நேர்மையைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, முந்தைய இரவு அல்லது அன்று காலை எடுத்த முடிவு நினைவுக்கு வந்தால் போதும்.

விடையில் ‘கத்த மாட்டேன்’ என்று எழுதாதீர்கள். செய்யாமலிருப்பதைக் கைகளால் செய்ய முடியாது. ‘கை பென்சிலை நோக்கிப் போனால், அந்தக் கையை மேசைக்குக் கீழே என் மடியில் வைத்துக்கொண்டு, இந்த வரி வரை நீ எப்படி வந்தாய் என்று மகளிடம் கேட்பேன்’ என்பது போல, கையும் வாயும் செய்யக்கூடிய ஒன்றாக இருக்கட்டும். இது என் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் வீட்டுக்கு ஏற்றதை நீங்கள்தான் எழுத வேண்டும். முடிந்தால் மகளையும் கேட்டு எழுதுங்கள்.

பழஞ்சுவடி அவர்களோடு எனக்குப் பெரிய வேறுபாடு இல்லை. ‘ஏன்’ கேட்பதற்குரிய இடம் ஒன்று உங்கள் கதையிலும் இருக்கிறது: ‘என் மகள் அச்சமின்றிக் கணக்குப் போடுவது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?’ இதற்கு விடை தேடினால் மருகுதல் வராது. எதன் பொருட்டு இவ்வளவு சிரமப்படுகிறீர்கள் என்பது தெளிவாகும். அதை அடிக்கடி கேட்க வேண்டாம், திட்டம் சலித்துப்போகும் நாளில் கேளுங்கள்.

எத்தனை நாள் ஒரே கேள்வியை வைத்திருப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள் என நினைக்கிறேன். அதற்கு நாள் கணக்கு எதுவுமில்லை. குறிப்பேட்டைத் திறக்கும் முன்பே விடை தெரிந்துவிடும் நிலை வந்தால் அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அதை அடித்துவிட்டு, அன்று நடந்ததில் எது உங்களுக்குப் புரியவில்லையோ அதைப் பற்றி ஒன்று எழுதுங்கள். பழைய நான்கில் முதல் கேள்வியை, ‘இன்று நான் எப்படி நடந்துகொண்டேன்?’ என்பதை, வைத்துக்கொள்ள விரும்பினால், ‘மகள் மூன்றாம் கணக்கைத் தவறாகப் போட்டபோது’ என்ற தொடரை அதன் முன்னே சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.